பழங்காலத்து உடையைத் தைத்து உடுத்துவது: கன்னியாகுமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளி யூனிபார்ம், இதுதான் தினப்படி வேலை. அதோடு, எட்டு வருடமாக நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, பழைய தென் திருவிதாங்கூரில் நம் பாட்டிமாரும் அவர்களுடைய பாட்டிமாரும் உடுத்திய மாதிரி உடைகளைத் தைக்கிறோம். தைத்ததைப் பெட்டியில் வைப்பதில்லை. கல்யாணம், ஓணம், ஆலய அசனம் (ஊர் கூடிச் சாப்பிடும் சமபந்தி), பள்ளி ஆண்டு விழா, மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நவம்பர் 1 நிகழ்ச்சி என்று போகிற இடத்துக்கெல்லாம் உடுத்திக்கொண்டு போகிறோம். பார்க்கிறவர்கள் நின்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

இது நாடக டிரெஸ்தானே? வாடகைக்கு எடுத்தால் போதாதா?

வாடகைக் கடையில் கிடைப்பது மேடைக்கான உடை. தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு மினுங்க வேண்டும், பத்து உடம்புக்குப் பொருந்த வேண்டும். அதற்குச் சாட்டினும் வெல்வெட்டும் ஜிகினாவும் சரிதான். நாங்கள் தைப்பது, பந்தியில் பக்கத்து இலையில் சாப்பிடுகிறவர் பார்க்கும் உடை. அவர் கையை நீட்டித் துணியைத் தொட்டுப் பார்ப்பார். வயதானவராக இருந்தால் தையலைப் புரட்டிப் பார்ப்பார். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டும், பிள்ளையைத் தூக்க வேண்டும், சாம்பார் ஊற்ற வேண்டும். நாள் முழுக்க உடுத்தி வேலை செய்ய முடிந்தால்தான் அது உடை.

எதிலிருந்து தொடங்கலாம்?

குப்பாயத்திலிருந்து. தைக்கத் தெரியாதவரும் தைக்கலாம், துணி குறைவு, வெட்டில் வளைவே கிடையாது. ராணி உடை, ராஜா உடை என்று தொடங்கியவர்கள் பாதியில் விட்டுப் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். குப்பாயம் தொடங்கியவர் யாரும் பாதியில் விட்டதில்லை.

குப்பாயம் என்றால் என்ன? அதைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

தொளதொளவென்று இடுப்புவரை வரும், கை வைத்த ஒரு சட்டை. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளமார் (கேரள முஸ்லிம்கள்) வீட்டுப் பெண்களும் முன்பே அணிந்துவந்தது. நம் மாவட்டத்தில் அதற்கு வேறொரு கதை உண்டு.

பழைய திருவிதாங்கூரில் யார் எதை உடுத்தலாம் என்பதைச் சாதி வைத்துத்தான் முடிவு செய்தார்கள். நாடார் பெண்களும், அவர்களைவிடத் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மற்ற சாதிப் பெண்களும் மார்பை மறைத்துத் துணி போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே இறங்க உடுத்தக் கூடாது. செருப்பு, குடை, பொன் நகைக்கும் தடை. 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி வந்து மயிலாடியில் சபை தொடங்கிய பிறகு கிறிஸ்தவர்களான பெண்கள் மேலே துணி போடத் தொடங்கினார்கள். கர்னல் மன்றோ திவானாகவும் ரெசிடென்டாகவும் (பிரிட்டிஷ் பிரதிநிதி) இருந்த காலத்தில் அவர்களுக்குக் குப்பாயம் போட அனுமதி கிடைத்தது. உயர்சாதிப் பெண்கள் போடுவதுபோல் தோளில் மேல்சீலை போடக் கூடாது என்பது நிபந்தனை. பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை, அதற்கு மேலே சீலையும் போட்டார்கள். 1822இல் கல்குளம் பக்கத்தில் அடிதடி. 1820களின் கடைசியில் மறுபடியும் கலவரம், சந்தையில் துணியைப் பிடித்துக் கிழித்தார்கள், பள்ளிகளுக்கும் ஜெபக்கூடங்களுக்கும் தீ வைத்தார்கள். 1829இல் வந்த அரசாணை மேல்சீலையை மறுத்துவிட்டுக் குப்பாயத்தை மட்டும் விட்டுவைத்தது. 1858லும் 1859லும் திரும்பவும் கலவரம். கடைசியில் 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் குப்பாயம் போடலாம், அல்லது மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம் என்று அதில் இருந்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்களின் பாணியில் உடுத்தக் கூடாது என்ற வரியை எடுக்கவில்லை.

இதைத்தான் தோள்சீலைப் போராட்டம் என்கிறோம். அதனால் நம் ஊரில் ஒரு பருத்திச் சட்டை வெறும் சட்டை ஆகாது. கழுத்துப் பட்டையை மடித்து எமிங் (விளிம்புத் தையல்) போடும்போது, இந்த நாலு முழம் துணிக்காக அடி வாங்கியவர்கள் வீட்டில்தான் நானும் பிறந்தேன் என்ற நினைப்பு எனக்கு வராமல் இருந்ததில்லை.

சரி, எப்படி வெட்டுவது?

நான் வெட்டும் முறையைச் சொல்கிறேன். 36 அங்குல அகலத் துணி என்றால் ஒன்றரை மீட்டர் போதும். கீழே உள்ள கணக்கு 36 அங்குல மார்பளவுக்கு.

துணியை முதலில் நனைத்துக் காயவையுங்கள். கைத்தறி கட்டாயம் சுருங்கும், வெட்டிய பிறகு சுருங்கினால் அழ வேண்டியதுதான். காய்ந்ததும், உடம்புப் பாகத்துக்கு 22 அங்குல அகலமும் 50 அங்குல நீளமும் உள்ள ஒரே துண்டு. இதை நடுவில் மடித்தால் மடிப்பு தோளில் வரும், தோள் தையலே தேவையில்லை. பக்கவாட்டில் 14 அங்குல அகலத்தில் ஒரு பட்டை மீதி நிற்கும். அதில் 16க்கு 11 என்று இரண்டு கை. மிச்சத்தில் 5 அங்குலச் சதுரம் இரண்டும், கழுத்துக்கு ஒரு உள்பட்டையும். மிஞ்சுவது சின்னத் துண்டுகள்தான். துணி விலை கூடிய காலத்தில் உலகத்தில் பல இடங்களில் சட்டையை இப்படிச் சதுரமும் நீள்சதுரமுமாகத்தான் வெட்டினார்கள்.

அந்த இரண்டு சின்னச் சதுரங்கள் அக்குளுக்கு. புதிதாகத் தைப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். கையும் உடம்பும் சேரும் மூலையில் சதுரத்தைக் கோணலாகத் திருப்பி வைத்துத் தைத்தால்தான் கையை மேலே தூக்க முடியும். இல்லாவிட்டால் முதல் நாளே அக்குளில் கிழியும். சதுரத்தின் நாலு மூலையிலும் தையல் சரியாகச் சந்திக்க வேண்டும். மூலையில் ஒரு நூல் இடம் விட்டு நிறுத்தி, ஊசியைத் துணியிலேயே வைத்துக்கொண்டு துணியைத் திருப்புங்கள். நாலைந்து முறை பிரித்துத் தைத்தால் கை பழகிவிடும்.

கழுத்து வட்டமாக வேண்டாம். நடுவில் நேராக ஒரு கீறல், தலை நுழையும் அளவுக்கு. அதன் அடிமுனையில் ஒரு சின்னத் துண்டை உள்பக்கம் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், அங்கேதான் முதலில் கிழியும். டார்ட், பைப்பிங், கப் எதுவும் வேண்டாம். முதல் குப்பாயத்தை நான் தொழில் பழக்கத்தில் டார்ட் பிடித்து உடம்போடு ஒட்டத் தைத்துவிட்டேன். அசனத்தில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்துவிட்டு, "மக்களே, இது குப்பாயம் இல்ல, பிளவுசு. குப்பாயம்னா காத்து ஓடணும்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வேறு அளவுகோல் தேவைப்படவில்லை.

மெஷினில் தைக்கலாமா?

சிங்கர் தன் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851இல். அதற்கு முந்தைய உடை என்றால் முழுக்கக் கைத்தையல்தான். என் கருத்து, உள்ளே மறையும் நீளத் தையலை மெஷினில் போடலாம், வெளியே தெரியும் கழுத்து, கை விளிம்பு, கீழ் மடிப்பு மூன்றையும் கையால் போடுங்கள். மெஷின் தையல் துணியை ஒரே விறைப்பாகப் பிடித்துவிடும். கையால் போட்ட விளிம்பு துணியோடு சேர்ந்து விழும். பத்தடி தூரத்திலிருந்தே வித்தியாசம் தெரியும்.

ஓட்டுத்தையல் போடும்போது நாலு குத்துக்கு ஒரு பின்தையல் போட்டுக்கொண்டே போனால் உறுதி. பிசிரை உள்ளே மடித்து அமுக்கித் தையுங்கள், அந்தக் காலத்தில் ஓவர்லாக் இல்லை. நூல் பருத்தி நூலாகவே இருக்கட்டும். பாலியஸ்டர் நூல் பழைய மாதிரி மெல்லிய பருத்தியை அறுத்துவிடும். முழுக்கக் கையால் தைக்க எனக்கு நாலு சாயங்காலம் ஆகிறது. எங்களில் ஒரு மைனி (அண்ணி), மீன் சந்தையிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் மூன்றே சாயங்காலத்தில் முடிப்பார்.

என்ன துணி வாங்குவது?

பருத்தி. கோரா (வெளுக்காத துணி), மல் (மெல்லியது), காடா (முரட்டுத் துணி) மூன்றும் போதும். குப்பாயத்துக்கு மல் அல்லது மெல்லிய கோரா. உழைப்பாளிப் பெண்ணின் இடுப்புத் துணிக்குக் காடா. முண்டும் (இடுப்பு வேட்டி) நேரியதுமாக (தோளில் போடும் மேல்துணி) உடுத்த வடசேரி, பாலராமபுரம் பக்கம் நெய்யும் கைத்தறி. கோட்டாறு, வடசேரி, இரணியல் எல்லாம் தறிச்சத்தம் கேட்ட ஊர்கள்தான், வடசேரியில் நேரில் போய்க் கேட்டால் இன்னும் கிடைக்கும். பாலியஸ்டர் கலந்த "காட்டன்" நிறைய வருகிறது. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த மணத்தோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருண்டு கட்டியாகும். இந்த உப்புக் காற்றிலும் வியர்வையிலும் பாலியஸ்டர் உடுத்திக்கொண்டு அரைநாள் இருக்க முடியாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பழையதாகத் தெரிவதற்குத் தேயிலையில் முக்கலாமா?

வேண்டாம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அந்தக் காலத்து மனிதர்கள் பழைய துணி உடுத்தவில்லை, அவர்களுக்கு அது அன்றைய துணி. ஆலயத்துக்கும் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் வெளுத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் உடுத்தினார்கள். ஏழைகள் என்றால் அழுக்காக இருந்தார்கள் என்று காட்டுவது அவர்களை இரண்டாம் முறை அவமானப்படுத்துவது. கஞ்சி போடுங்கள். வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, துணியில் வடிகட்டி, முக்கி, நிழலில் உலர்த்தினால் குப்பாயம் சரியாக நிற்கும்.

நிறங்கள்?

வெள்ளையும் கோரா நிறமும்தான் அதிகம். கரை வேண்டுமென்றால் சிவப்பு, நீலம், கருப்பு. முதல் செயற்கைச் சாயம் 1856இல்தான் வந்தது. அதற்கு முன் அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு, மஞ்சிட்டி, மஞ்சள். மஞ்சள் வெயிலில் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும். அவுரிக்குப் படிகாரம் தேவையில்லை, சாயவேருக்கும் மஞ்சிட்டிக்கும் கடுக்காயும் படிகாரமும் வேண்டும். கடையில் கரை வாங்கினால் முதலில் வெந்நீரில் ஊறவைத்துச் சோதியுங்கள். ஒருமுறை சோதிக்காமல் சிவப்புக் கரை வைத்து, ஊர்வலத்தில் சாரல் அடித்து, நாலு பேர் முண்டும் ரோஸ் நிறமாகிவிட்டது. வெளுத்தும் போகவில்லை.

லேஸ் வைக்கலாமா? அது வெள்ளைக்காரர் சமாச்சாரம் இல்லையா?

கிறிஸ்தவப் பெண்ணின் குப்பாயத்தில், 1820களுக்குப் பிறகு என்றால், தாராளமாக வைக்கலாம். நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து போனபோது அந்தக் கைவேலை இடையன்குடிக்கும் போனது. 1897இல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியம் நாட்டுத் துறவி மேரி லூயிஸ் தெ மீஸ்டர் அங்கேயும் அனாதைப் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னலைப் பிழைப்பாக்கிக் கொடுத்தார். வந்தது வெளியிலிருந்துதான், ஆனால் ஐந்தாறு தலைமுறை நம் ஊர்ப் பெண்களின் விரலில் இருந்த வேலையை இனியும் அந்நியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தலையணையில் படத்தாளைக் குத்தி வைத்து, ஜோடி ஜோடியாகச் சின்ன மரக்குச்சிகளில் சுற்றிய நூலைக் குறுக்கியும் முறுக்கியும், ஊசி குத்திக் குத்தி நகர்த்துவார்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் சில அங்குலம் வரும். அதனால் கை லேஸுக்கு விலை கேட்டுவிட்டு "இவ்வளவா" என்று சொல்லாதீர்கள். அப்படி வாங்க முடியவில்லை என்றால் குரோஷா ஊசியில் நீங்களே ஒரு விரல் அகலத்துக்குப் பின்னி வையுங்கள். நைலான் லேஸ் வைப்பதைவிட லேஸே வைக்காமல் விடுவது அழகு.

பாம்படம் போட ஆசை. காது துளை சின்னதாக இருக்கிறதே?

பாம்படம் கனமான பழைய காதணி. அதற்குச் சின்ன வயதிலேயே காதைத் துளைத்து, கனம் தொங்கவிட்டு, தோளைத் தொடும்வரை வளர்ப்பார்கள். நம் காதில் அதைத் தொங்கவிட்டால் கிழியும். மேல் காதில் மாட்டும் ஒரு கம்பி வளையம் செய்து, தோல் நிறத் துணியில் காது மடல் மாதிரி ஒரு நாடா தைத்து, அதில் தொங்கவிடலாம். பழைய பொன் பாம்படத்துக்குள் அரக்குதான் நிரப்பியிருக்கும். நாங்கள் காகிதக் கூழில் செய்து பித்தளை நிறம் பூசுகிறோம், கனமே இல்லை. இன்னொன்று. ஒரு காலத்தில் பொன் நகை போடத் தடை இருந்த பெண்ணின் வேடத்துக்கு அதைப் போடாதீர்கள். எந்த வருடத்துப் பெண், எந்த ஊர், எந்த வீடு என்று முதலில் முடிவு செய்துகொண்டால் எதைப் போடலாம், எதை விடலாம் என்ற குழப்பம் தானாகத் தீரும்.

ஆண்களுக்கு என்ன?

தைக்க அவ்வளவு வேலை இல்லை. நாலு முழம் முண்டு, தோளில் ஒரு தோர்த்து (மெல்லிய துண்டு), பெரும்பாலான ஆண்களுக்கு அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர் என்றால் நீளக் கோட்டும் தலைப்பாகையும்.

தலைப்பாகை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட ஆண்கள் தலையில் துணி கட்டக் கூடாது என்றிருந்த காலத்தில், அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். இன்றும் சுவாமித்தோப்புப் பதியில் ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். மாசி 20 அன்று அவருடைய அவதார தின ஊர்வலத்தைப் பார்த்தால் தெரியும், ஒரு முழத் துணி தலைக்கு ஏறியதற்கு எவ்வளவு அர்த்தம் என்று. அது இன்றைக்கும் உயிரோடு இருக்கும் வழிபாடு. அந்தத் தலைப்பாகையையும் நெற்றி நாமத்தையும் வேடமாகப் போட்டுக்கொண்டு விருந்துக்கு வருவதை நாங்கள் செய்வதில்லை, யாருக்கும் தைத்துக் கொடுப்பதும் இல்லை.

டிலனாய் கோட்டு தைக்க முடியுமா?

குளச்சல் பக்கத்துப் பிள்ளைகள் எப்போதும் கேட்பது இது. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்ட அவர்களுடைய படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். பத்மநாபபுரம் அரண்மனையில் அவர் சரணடையும் ஓவியம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் தைக்கச் சொல்கிறார்கள். அது பிற்காலத்தில் வரைந்தது, சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

1740களின் ஐரோப்பியக் கோட்டு முழங்கால் வரை வரும், இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாக விரியும், கை விளிம்பு பெரிதாக மடங்கி முழங்கை வரை ஏறும், முன்னால் வரிசையாகப் பொத்தான், மடித்த காலர் கிடையாது. உள்ளே நீள வெயிஸ்ட்கோட்டு, முழங்காலோடு முடியும் கால்சட்டை, நீளக் காலுறை. உண்மையில் அது கம்பளித் துணி. நம் ஊர் ஆகஸ்ட் வெயிலில் பள்ளிப் பிள்ளைக்குக் கம்பளி போடக் கூடாது. தடித்த டிரில் துணியில் தைத்து, முன்பக்கத்துக்கு மட்டும் லைனிங் வையுங்கள். வெயிஸ்ட்கோட்டின் முதுகை மல் துணியில் வைத்தால் யாருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் மூச்சு முட்டாது. பொத்தானுக்கு மர வட்டத்தில் துணி சுற்றுங்கள். தோளில் சரிகைக் குஞ்சம் வேண்டாம், அது பிற்காலத்து ராணுவ வழக்கம்.

பள்ளியில் மாறுவேடப் போட்டி. சீக்கிரம் தைக்கிற மாதிரி ஏதாவது?

விவேகானந்தர்தான் நம் மாவட்டத்தில் அதிகம். எல்லோரும் போடும் நீள அங்கியும் தலைப்பாகையும் 1893இல் சிகாகோவில் எடுத்த படத்தில் உள்ளவை. குமரிக்கு அவர் வந்தது 1892 டிசம்பரில், கையில் காசில்லாமல் நடந்து திரிந்த துறவியாக. பாறையில் உட்கார்ந்த விவேகானந்தர் என்றால் காவி வேட்டியும் மேலே சுற்றிய ஒரு காவித் துணியும் போதும், ஒரு மணி நேர வேலை.

தோள்சீலைப் போராட்டத்தை நாடகமாகப் போடுகிறோம். பெண்பிள்ளைகளுக்கு எப்படி உடுத்துவது?

பதில் சொல்லும்முன் ஒரு வேண்டுகோள். துணியைக் கிழிக்கும் காட்சியை மேடையில் காட்டாதீர்கள். தோல் நிறத்தில் இறுக்கமான உடுப்புப் போட்டுப் பிள்ளைகளை நிறுத்துவதும் வேண்டாம். ஒரு பள்ளியில் அப்படிச் செய்ததைப் பார்த்தேன். பின்வரிசையிலிருந்து விசில் வந்தது, அந்தப் பிள்ளை மேடையிலேயே கையால் மார்பை மூடிக்கொண்டாள். நூற்றைம்பது வருடத்துக்கும் முன் நடந்ததை அப்படியே திரும்ப நடத்திவிட்டு அதற்குப் பெயர் வரலாறா?

உடுப்பதை நாடகமாக்குங்கள். முதல் காட்சியிலேயே பிள்ளைகள் குப்பாயத்தோடு வரட்டும், சந்தைக்குப் போகும் கூட்டமாக. கலவரத்தைத் திரைக்குப் பின்னால் சத்தமாக வையுங்கள். கிழிந்த ஒரு குப்பாயத்தை ஒரு தாய் மடியில் போட்டுத் தைக்கும் காட்சி போதும். கடைசியில் எல்லோரும் குப்பாயத்துக்கு மேல் வெள்ளைச் சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வரட்டும். நாங்கள் ஒருமுறை இருபது பிள்ளைகளுக்கு இப்படித் தைத்துக் கொடுத்தோம். கடைசிக் காட்சியில் முன்வரிசையிலிருந்த பாட்டிமார் எழுந்து நின்றார்கள்.

வேறு சாதியார், வேறு மதத்தார் உடுத்தியதை நான் உடுத்தலாமா?

எங்கள் கூட்டத்தில் நாலைந்து சாதிக்காரர்கள் இருக்கிறோம், மூன்று மதமும் உண்டு. முதல் வருடம் இதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். யாரும் எதையும் தைக்கலாம், கற்றுக்கொள்ளலாம். உடுத்தும்போது, அந்த உடை யார் வீட்டுக் கதையோ அந்த வீட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். நாயர் வீட்டு முண்டும் நேரியதும் ஒரு காலத்தில் என் பாட்டியின் பாட்டிக்கு மறுக்கப்பட்டது. ஓணத்துக்கு முதல் முறை நான் அதை உடுத்தியபோது, நேரியதை மடித்துத் தோளில் குத்திவிட்டவர் எங்கள் கூட்டத்திலுள்ள நாயர் வீட்டு அக்கா. இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. யாரையாவது கேலி செய்ய, குறைத்துக் காட்ட உடுத்துவதானால் எங்களிடம் வர வேண்டாம்.

பழைய மாதிரிகளை எங்கே பார்ப்பது?

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் பிரகாரத்துத் தூண்களில் உள்ள பாவை விளக்குகளின் (விளக்கேந்திய பெண் சிற்பங்கள்) இடுப்பு மடிப்பை நின்று பாருங்கள், கொசுவம் எப்படி விழுகிறது என்று புரியும். சிற்பிக்கென்று ஒரு மரபு உண்டு, அதனால் அப்படியே நகல் எடுக்க வேண்டாம். ரவிவர்மாவின் ஓவியங்களில் வீட்டிலிருக்கும் நாயர் பெண்களின் முண்டும் கரையும் கண்ணால் அளக்கும் அளவுக்குத் தெளிவு. மிஷனரிகள் வெளியிட்ட பழைய நூல்களின் படங்களில் குப்பாயம் போட்ட பெண்கள் உண்டு. எல்லாவற்றையும்விட, உங்கள் வீட்டு மூத்தவர்கள் கல்யாணப் படம். 1950களின் படத்தில் உள்ள ஜம்பரும் (பழைய பாணி ரவிக்கை) பஃப் கையும் இப்போது வரலாறுதான். அதையும் தையுங்கள்.

அரண்மனைக்கு உடுத்திக்கொண்டு போகலாமா?

பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. திங்கட்கிழமை விடுமுறை. கூட்டமாகப் போவதாக இருந்தால் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், அதனால் கால் தெரியும். நகப்பூச்சை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். கருங்கண்ணாடி போல மினுங்கும் அந்தத் தரையில் நீள முண்டு வழுக்கும், கரண்டைக்கு மேலே ஏற்றி உடுத்துங்கள். நவராத்திரிக்குச் சாமி விக்கிரகங்கள் திருவனந்தபுரம் புறப்படும் நாளில் மட்டும் வேடத்தில் போக வேண்டாம். அன்று மக்கள் கும்பிட வருகிறார்கள்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் காற்று பலம். நேரியதை உள்பக்கமாகச் சேப்டி பின் குத்திக்கொள்ளுங்கள். 1849இல் வந்த பொருள்தான், மறைந்திருந்தால் பரவாயில்லை.

வீட்டில் பாட்டியின் பழைய குப்பாயம் ஒன்று பெட்டியில் இருக்கிறது. அதையே உடுத்தலாமா?

உடுத்தாதீர்கள். ஒருமுறை கையைத் தூக்கினால் போதும், நூறு வருடத்துத் துணி கிழிந்துவிடும். வெள்ளைத் துணி விரித்த மேசையில் கிடத்தி, இழுக்காமல், ஒவ்வொரு துண்டின் நீள அகலத்தையும் அளந்து எழுதுங்கள். தையலை எண்ணுங்கள், ஒரு அங்குலத்துக்கு எத்தனை குத்து என்று. அக்குள் சதுரம் இருக்கிறதா, கழுத்தை எப்படி முடித்திருக்கிறார், ஒட்டுப் போட்டிருக்கிறாரா, எல்லாவற்றையும் படம் எடுங்கள். அதே அளவில் புதிதாக ஒன்று தைத்து அதை உடுத்துங்கள்.

பழையதைச் சலவைக்குப் போட வேண்டாம், இஸ்திரி வேண்டாம், பாச்சை உருண்டை துணியில் படக் கூடாது. பிளாஸ்டிக் பையில் வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பு விழும் இடத்தில் துணிச் சுருள் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். அப்புறம் ஒரு தாளில் பென்சிலால் பாட்டியின் பெயர், ஊர், இது யார் தைத்தது, எப்போது உடுத்தினார் என்று தெரிந்தவரை எழுதி உடன் வையுங்கள். அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ நினைவு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.